மிகைக்குடி

குறுகிய நேரத்துக்குள், ரத்தத்தில் மதுவின் செறிவு ஆபத்தான அளவுக்கு ஏறும்படி ஒரே அமர்வில் குடிப்பது மிகைக்குடி எனப்படும். மொடாக்குடியும் இதுவும் ஒன்றல்ல. வாரம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு சனிக்கிழமை இரவு மட்டும் குடிப்பவரும் மிகைக்குடியராக இருக்கலாம். ‘எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை’ என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆபத்து பழக்கத்தில் மட்டும் இல்லை, அளவிலும் வேகத்திலும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராம் தூய ஆல்கஹாலை எல்லையாகக் கொள்கிறது. கடந்த 30 நாள்களில் ஒருமுறை அந்த அளவைத் தொட்டவரும் இந்தக் கணக்கில் வருவார். இதைத் தமிழ்நாட்டுப் புழக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பிராந்தியோ ரம்மோ 180 மி.லி. எடுத்தால், அதில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். அதாவது, ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று சாதாரணமாகச் சொல்லப்படும் புட்டி எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. ஒரு குவார்ட்டரை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் ‘கட்டிங்’ அதில் பாதி. பீர் லேசானது என்ற நம்பிக்கையும் முழுக்க நிற்காது: 8 விழுக்காடு கொண்ட ஸ்ட்ராங் பீர், 650 மி.லி. புட்டியில், ஒன்றரை குடித்தாலே 60 கிராம் தாண்டிவிடும்.

கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் சிதைக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, கறுப்புக் காபி, தலையில் குளிர்ந்த நீர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. பெண்களின் உடலில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் செறிவு கூடுதலாக ஏறும். வாகனம் ஓட்டுபவருக்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.; மிகைக்குடியில் அது எப்போதோ கடந்துபோயிருக்கும்.

செறிவு வேகமாக ஏறும்போது மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. ஆள் பேசுவார், நடப்பார், வண்டியைக்கூடக் கிளப்புவார். மறுநாள் எதுவும் நினைவிருக்காது. கணைய அழற்சி, இதயத் துடிப்பு தாறுமாறாதல் ஆகியவையும் நேரலாம். இதயத் தொல்லை விடுமுறை நாள்களையொட்டி வருவதைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் 1978இல் அதற்கு ‘விடுமுறை இதயம்’ என்றே பெயரிட்டனர்.

மட்டையானவர்

‘மட்டையாயிட்டான், தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று நண்பர்கள் விட்டுவிட்டுப் போகும் அந்த நேரமே மிகவும் ஆபத்தானது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் சேர்ந்துகொண்டேயிருக்கும். மூச்சு மந்தமாகும், உடல் குளிரும், ரத்தச் சர்க்கரை இறங்கும். தொண்டையின் காப்பு அனிச்சை மங்குவதால் வாந்தி மூச்சுக்குழலில் புகுந்து அடைத்துவிடும். தட்டியும் எழாதவர், நிமிடத்துக்கு எட்டு முறைக்கும் குறைவாக மூச்சு விடுபவர், உதடு நீலம் பாரித்தவர், வலிப்பு வந்தவர் ஆகியோருக்கு உடனே 108 அழைக்க வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து அருகிலேயே இருக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றக்கூடாது, விரலைவிட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது.

உதவி பெறுதல்

தன் குடியின் நிலையை அறிய, உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியல் உதவும். 8 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மதுச் சார்பு முற்றாதவருக்கு நேரடியான சில ஆலோசனை அமர்வுகளே பலன் தருவதுண்டு.

தினமும் குடித்து உடல் பழகியவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்துவது வேறு ஆபத்து. சில மணி நேரத்தில் கைநடுக்கம் தொடங்கி, இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள்களில் சிலருக்கு மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் தோன்றும், சிகிச்சையில்லாமல் போனால் உயிரும் போகலாம். ஆகவே நிறுத்தம் மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். தயமின் என்னும் பி1 வைட்டமினும் சேர்த்துத் தரப்படும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை இத்துறையில் முன்னோடி. போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. கட்டணமில்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதுமில்லை. குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்கென ‘அல்-அனான்’ தனியே இருக்கிறது.

‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்ற விளம்பரங்களைப் பலர் நம்புகிறார்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் என்ற மருந்து, அப்படித் தெரியாமல் கொடுக்கப்பட்டு மதுவோடு சேர்ந்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி உண்டாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் நோயாளியின் சம்மதத்தோடு, விளைவை அவருக்கு விளக்கிய பிறகே மருத்துவர் அதை எழுதுவார்.