வாசிக்கக் கற்பிப்பவருக்கு ஒரு தேர்வு

வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்கென்றே தனியாக ஓர் ஆசிரியர் உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படியொரு பணி இருக்கிறது. அதற்குத் தனித் தேர்வும் சான்றிதழும் உண்டு. சொல்லுக்குள் ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்தோடு ஒலியை இணைத்தல், தடங்கலின்றிப் படித்தல், சொல்வளம், பொருளுணர்தல் என்று 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழு எடுத்துக்காட்டிய ஐந்தும் அத்தகைய தேர்வுகளில் தவறாமல் இடம்பெறும். தமிழ்நாட்டில் இப்பதவி இல்லை. எனினும் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல்லாயிரம் பேர் ஓராண்டுக்கு மேல் இந்த ஒரு வேலையையே செய்தார்கள். சம்பளம் கிடையாது, சான்றிதழை யாரும் கேட்கவில்லை. அவர்களில் ஒருவர் என் அக்கா.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. இடைநிலை ஆசிரியை. பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஞாயிற்றுக்கிழமையே வழிகாட்டி நூல்கள் இரண்டோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "நீ தமிழ் எம்.ஏ.தானே தம்பி, இந்த இலக்கணத்த மட்டும் பாத்துக் குடுத்துரு" என்றார். அந்த ஞாயிறுகள்தாம் இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

வாசிக்கக் கற்பிக்கத் தகுதி எது என்ற கேள்விக்கு நம் மரபில் நெடுங்காலம் எளிய விடை இருந்தது: கொஞ்சம் முன்னால் கற்றவர், கொஞ்சம் பின்னால் வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்தது அதுதான். ஆசிரியர் ஒருவர், மாணவர் பலர். மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, மூத்த பிள்ளை இளைய பிள்ளையைத் தேற்றும். சென்னை எழும்பூரில் 1789 முதல் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனித்துவந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் இல்லத்திலும் அம்முறையைக் கொண்டுவந்தார். மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே விரிவாக அமைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல்வழி அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணை அங்கே போய்ப் பெருமை பெற்றிருந்த காலத்தில், இங்கே அது பிற்போக்கு என்று தள்ளப்பட்டது வேறு கதை. திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்ற சாதிக் கணக்கையும் மறந்துவிட வேண்டியதில்லை.

அறிவொளி இயக்கம் அந்தப் பழைய விடையைத் திண்ணைக்கு வெளியே நின்றவர்களுக்காக எடுத்துக்கொண்டது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. மறு ஆண்டு புதுக்கோட்டையில் பணி தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதைப் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். அதனால் புதுக்கோட்டை அறிவொளி என்றாலே சைக்கிள் என்றாகிவிட்டது. இரவில் அரிக்கேன் விளக்கடியில் என்ன நடந்தது என்பதைப் பேசுவோர் குறைவு.

கீரனூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கல்லுடைக்கும் பெண்களுக்கு அக்கா வகுப்பெடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். பயிற்சி சில நாள்கள்தாம். எனக்குப் பத்து வயது; விளக்கைத் தூக்கிச் செல்வது என் வேலை. அரிச்சுவடி போல அகரத்தில் தொடங்காமல், தெரிந்த சொல்லில் தொடங்கி எழுத்துக்கு வரும் முறை அது. 'பட்டா' என்ற சொல்லைக் காட்டினால், அது இல்லாத குடும்பத்துக்கு அச்சொல்லைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம் போதாது. பேசி முடித்த பிறகே ப, ட்.

அக்கா அங்கே கண்டுகொண்ட சில, நான் முதுகலையில் படிக்காதவை. துணைக்காலும் ரகரமும் புதிதாய்ப் படிப்பவர் கண்ணுக்கு ஒன்றே. 'காடு' என்பதைக் 'கரடு' என்று படித்துவிட்டு, அதற்கும் பொருள் இருப்பதால் மேலே போய்விடுவார்கள். கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்பதில் அது இருபுறமும் நின்று நடுவில் எழுத்தை வைத்துக்கொள்கிறது. இதற்கு அவர் கண்ட வழி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகக் காட்டாமல் முழு வடிவத்தையும் உள்ளங்கையால் மூடித் திறந்து காட்டுவது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்தால் பழைய ணா, றா, னா கூட்டெழுத்துகளும் துதிக்கை வைத்த ணை, லை வடிவங்களும் பாடநூலைவிட்டுப் போயிருந்தது பெரிய உதவி என்று இப்போதும் சொல்வார்.

அங்கும் தேர்வு இருந்தது, கற்பவருக்கு. அந்த அளவுகோல் அச்சிடப்பட்ட ஒன்று: நிமிடத்துக்கு 30 சொற்கள் உரக்கப் படிக்க வேண்டும், 35 சொற்கள் மனத்துக்குள், பார்த்தெழுதுவது 7, சொல்லக்கேட்டு எழுதுவது 5. நாடு முழுமைக்கும் ஒரே அளவு. 'பள்ளிக்கூடத்திற்குப் போயிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு இரண்டு சொல். இந்தியில் இதைவிடக் கூடுதலாகும். கணக்குப் போட்டவர்கள் ஒட்டுநிலை மொழிகளைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை போலும். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தக் கல்லுடைக்கும் பெண் தேறவில்லை என்றால் தோற்றது அக்கா. ஆசிரியரின் தகுதி மாணவரின் வாயிலிருந்து தெரியவந்தது.

இதைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. 1992இல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்ட புதுக்கோட்டையின் எழுத்தறிவு, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 77 விழுக்காட்டளவே. இயக்கம் நாற்பத்தைந்து வயது வரையுள்ளோரையே கணக்கில் கொண்டது. கணக்கெடுப்பு முதியோரையும் சேர்த்தது. அதைக் கழித்தாலும் இடைவெளி பெரிது. அக்காவிடம் படித்தவர்களில் சிலர் கையெழுத்தோடு நின்றார்கள். படிக்க வேறேதும் கிடைக்காததால் மறந்தவர்களும் உண்டு. தொண்டுணர்வு மட்டும் ஆசிரியருக்குப் போதும் என்று சொன்னால் அது அரசாங்கம் சம்பளம் தராமலிருக்க நல்ல சாக்காகிவிடும். 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து தகுதித் தேர்வு வந்ததில் நியாயம் இருக்கிறது.

வந்த விதந்தான் வேடிக்கை. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலை 12. கேள்விகள் 150, நேரம் ஒன்றரை மணி. கேள்விக்கு 36 நொடி. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் தேறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கி மறுபடி நடத்தினார்கள். ஒரு தாளை வாசித்து முடிக்கவே நேரம் போதாமல் லட்சக்கணக்கானோரைத் திணறவைத்த தேர்வு, வாசிப்பைப் பற்றி ஏதோ ஒன்றைத் தற்செயலாகச் சோதித்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு வருவோம். குற்றியலுகரத்தின் ஆறு வகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். நெடில்தொடர், ஆய்தத்தொடர் என்று விரல் மடக்கி ஒப்பித்தவர், வன்தொடருக்கு எடுத்துக்காட்டாகப் 'பாக்கு' வந்ததும் நிறுத்தி, "இதப் பிள்ளைங்க 'பாகு'ன்னுதான் படிக்கும், புள்ளிய விட்டுரும்" என்றார். அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கைதட்டச் சொல்வாராம், புள்ளி வரும் இடத்தில் ஒரு தட்டு. இரண்டு வழிகாட்டி நூல்களையும் புரட்டிப் பார்த்தேன். குற்றியலுகரத்துக்குப் பதினொரு பக்கம் இருந்தது, இதற்கு ஒரு வரி இல்லை. நான் கற்பித்தவை தேர்வுக்கு வேண்டியவை. அன்று கற்றுக்கொண்டவன் நான்.

மூன்றாவது ஞாயிறு மாதிரித் தாள் ஒன்றில் தமிழுக்குரிய முப்பதில் பத்தொன்பது எடுத்தார். பிழையான விடைகளுள் ஒன்று, புள்ளியைப் பற்றிய நூற்பா எந்த இயலில் வருகிறது என்பது. இனி குழந்தை உளவியல். பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை வயதோடு மனப்பாடம் செய்ய வேண்டுமாம்; அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கீரனூர்ப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்.