ஓய்வுபெற்ற சுப்ரமணி: ‘நாய்கள் ஜாக்கிரதை’ குறித்து ஒரு மறுவாசிப்பு

தமிழில் விலங்குப் படம் என்றாலே தேவர் ஃபிலிம்ஸிலிருந்து கோடு இழுப்பது ஆய்வு வழக்கமாகிவிட்டது. ‘தெய்வச் செயல்’ (1967), இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ (1971), ‘நல்ல நேரம்’ (1972), ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) என்று வரும் அக்கோட்டின் நுனியில் சக்தி சௌந்தர்ராஜனின் ‘நாய்கள் ஜாக்கிரதை’யும் (2014) வைக்கப்படுகிறது. விலங்கின் விசுவாசம், அதன் வழியாக இறங்கும் தெய்வ அருள், அதனால் பிழைக்கும் குடும்பம் என்பதே அவ்வாசிப்பின் சாரம். தேவர் ஃபிலிம்ஸை நிறுவிய சாண்டோ சின்னப்பா தேவர் முருக பக்தர், இங்கே நாயின் பெயர் சுப்ரமணி. இந்தப் பொருத்தம் வலுவான சான்றாகவே கொள்ளப்படுகிறது.

பெயரை வைத்து இவ்வளவு தூரம் போக முடியுமா என்பது ஐயம். சுப்ரமணி என்பது கோயில் பெயர் மட்டுமல்ல, எந்த ஹவில்தாருக்கும் வருகைப் பதிவேட்டில் இருக்கக்கூடிய பெயர். படத்தில் அந்த நாய் ராணுவப் பயிற்சி பெற்றது. சிபிராஜ் நடிக்கும் காவல் அதிகாரி கார்த்திக் அதை வளர்த்தவர் அல்ல. அது பக்கத்து வீட்டிலிருந்து அவரிடம் வருகிறது. தேவர் மரபிலிருந்து படம் விலகும் இடம் இதுவே. ‘ஹாத்தி மேரே சாத்தி’யின் யானை ராமு சிறுவயது முதல் எசமானோடு வளர்ந்து, கடைசியில் அவருக்காகக் குண்டடிபட்டுச் சாகிறது. அதற்கென்று தனி முன்கதை கிடையாது. சுப்ரமணிக்கு முன்கதை உண்டு. கற்ற தொழிலும், வேறொருவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த பழக்கமும் அதற்கு ஏற்கெனவே இருக்கின்றன. சவப்பெட்டியில் அடைத்து உயிரோடு புதைக்கப்பட்ட கார்த்திக்கின் மனைவியை அது மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதில் அருளுக்கு வேலையில்லை. பழைய வேலையின் பயிற்சிதான் அங்கே செயல்படுகிறது. ஆகவே இதை ஒரு முன்னாள் படைவீரரின் கதையாக வாசிக்கலாம் என்பது என் கருத்து. காவல் அதிகாரி கதையில் இருந்தாலும் படைவீரர் நாய்தான்.

இந்த வாசிப்புக்குச் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு சான்று உண்டு. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் முதலில் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் தலைமையில் 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம் 2018 வரை சென்னையிலிருந்தே இயங்கியது. படப்பிடிப்பில் விலங்கைப் பயன்படுத்துவோர் 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைப் பதிவு செய்து வாரியத்துக்கு விவரம் தர வேண்டும். சுப்ரமணியாக நடித்த ‘இதோ’ என்ற பெல்ஜியன் ஷெப்பர்டு இந்தச் சட்டக் கண்காணிப்புக்குள் வருகிறது. ஆனால் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, வித்தை காட்டும் விலங்குகள் பற்றிய அத்தியாயத்திலிருந்து இரு வகையினருக்கு விலக்கு அளிக்கிறது: ராணுவ, காவல் பணிக்காகப் பயிற்றப்படும் விலங்குகள் ஒன்று, உயிரியல் பூங்கா விலங்குகள் மற்றொன்று. படைநாயாக நடிக்கும் நாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு படைநாய்க்கு இல்லை.

இப்பிரிவை மிகையாக வாசிக்கக் கூடாது. அது பயிற்சியையும் காட்சிப்படுத்துவதையும் பற்றியதே தவிரக் கொல்வதைப் பற்றியதல்ல. ஆனால் 2015-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ராணுவம் தந்த பதிலில், ஒரு மாதத்துக்கு மேல் பணிக்குத் தகுதியற்றிருக்கும் நாய்கள் கருணைக்கொலை செய்யப்பட்டு வந்தது வெளிப்பட்டது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகே நடைமுறை மாறத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் குப்வாராவில் தன் பயிற்றுநரோடு உயிரிழந்த மான்சி என்ற லாப்ரடாருக்கு ராணுவ மரியாதைக் குறிப்பு கிடைத்தது. களத்தில் செத்தால் பெயர் பதிவேட்டில் ஏறும். காலொடிந்து பிழைத்தால் ஊசி. அன்றைய நடைமுறை அது.

‘நாய்கள் ஜாக்கிரதை’ வெளியானது இதற்கெல்லாம் முன்பு, 2014 நவம்பரில். படைநாய் ஒன்று குடியிருப்புத் தெருவில் மூப்படையலாம் என்பது அன்றைய நடைமுறையோடு ஒட்டாத கற்பனை. தேவர் மரபை வைத்து வாசிப்பவர்கள், இந்த நாய் எப்படி உயிரோடு வெளியே வந்தது என்று கேட்பதில்லை. விசுவாசமான விலங்கு எப்போதும் வீட்டில்தானே இருக்கும் என்ற பழைய எதிர்பார்ப்பு அக்கேள்வியை மூடிவிடுகிறது. படத்தின் நெகிழ்ச்சி முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

இயக்குநர் இதையெல்லாம் நினைத்தா எடுத்தார் என்று கேட்கலாம். நினைத்திருக்க வேண்டிய தேவையில்லை.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் படித்து, 2014 ஏப்ரலில் ஷோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனைப் பற்றிய ‘அமரன்’ (2024) இங்கே ஒப்பிடத் தக்கது. அது களத்தில் முடியும் வாழ்க்கை. நம் படைவீரர் படங்கள் பெரும்பாலும் அந்த முடிவையே நாடுகின்றன. பதினைந்து, பதினேழு ஆண்டுப் பணியோடு நாற்பது வயதுக்குள் ஊர் திரும்புபவருக்கு அவற்றில் இடம் குறைவு. சென்னைக்குத் தெற்கே பொத்தேரியிலிருந்து மறைமலைநகர் வரை ஜிஎஸ்டி சாலையோர அடுக்குமாடிகளின் வாசலில் அவரைப் பார்க்கலாம். செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்த நீலச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாத கால்சட்டை. வண்டி நுழையும்போது கை தானாக சல்யூட்டுக்கு உயர்கிறது. எக்ஸ் சர்வீஸ்மேன் தேவை என்று விளம்பரம் கேட்பதும் அந்தக் கையைத்தான். படைகளுக்கு ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் (2022) நான்கே ஆண்டில் பெரும்பாலோரை வெளியே அனுப்பவிருக்கும் நிலையில், இப்படி வாசலுக்கு வருபவர்களின் வயது இன்னும் குறையும். முந்தைய பணியின் பழக்கத்தை உடம்பில் சுமந்துகொண்டு அடுத்தவர் வீட்டைக் காக்கும் இந்த வாழ்க்கையைத் தமிழ்த் திரை முழுநீளமாகக் காட்டியது, என் பார்வைக்கு எட்டியவரை, ஒரு நாயை வைத்துத்தான்.