தமிழ்நாட்டில் அமெரிக்கக் கார்கள்

ஃபோர்டு, செவர்லே, பியூக், டாட்ஜ், பிளிமத், ஸ்டூடிபேக்கர் என்று அமெரிக்கப் பெயர் தாங்கிய பெரிய கார்கள் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் பரவத் தொடங்கின. 1930களிலும் 40களிலும் கொடிகட்டிப் பறந்தன. 1950களின் நடுவில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வரத்து நின்றது. அதன் பிறகும் டாக்சியாகவும் சினிமாக்காரர்களின் வாகனமாகவும் நெடுங்காலம் தாக்குப்பிடித்து, இன்று சேகரிப்பாளர்களின் கொட்டகைகளில் இருக்கின்றன. பெரிய எஞ்சினும் வேகமும் கொண்ட அமெரிக்க ‘மசில் கார்’ மீது ஐரோப்பாவில் உள்ள மோகத்துக்கு இது ஒருவகையில் உறவு. ஆனால் அங்கே தேவைக்கு மிஞ்சியதைத் தெரிந்தே வாங்குகிறார்கள். இங்கே வேலைக்கென்று வாங்கிய வண்டியின் மேல் ஆசை பின்னால் வந்தது.

வருகை

ஆண்டது பிரிட்டன், அதிகம் விற்றதோ அமெரிக்க வண்டி. பிரிட்டிஷ் கார்கள் தார்ச்சாலைக்கும் குறுகிய தெருவுக்கும் செய்யப்பட்டவை. அமெரிக்க வண்டிகளோ அந்நாட்டு மண்பாதைகளை மனதில் வைத்து, தரையிலிருந்து உயர்த்தி, தடித்த பட்டை வில்லோடு செய்யப்பட்டவை. நம் ஊர் வண்டிப்பாதைக்கு அவையே ஒத்துவந்தன. 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி தயாரான ஃபோர்டு ‘டி’ மாடல் இதற்கு முதல் சான்று. பிரிட்டிஷ் பேரரசு நாடுகளுக்கான ஃபோர்டு வண்டிகள் கனடாவிலிருந்து, வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்தன. ஃபோர்டின் இந்திய நிறுவனம் 1926-ல் கனடா கிளையின் துணை நிறுவனமாகவே தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் செவர்லே கார்களைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கியது.

தெற்கே இவ்வண்டிகளை ஊர் ஊராகக் கொண்டுசென்றதில் பெரும்பங்கு மதுரை டி.வி.சுந்தரம் அய்யங்காருடையது. 1911-ல் தொடங்கி மறு ஆண்டே பஸ் விட்ட அவரது டி.வி.எஸ். நிறுவனம், பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் முன்னணி விற்பனையாளர் ஆயிற்று. வண்டியை விற்றதைவிட, விற்ற வண்டிக்கு உதிரிபாகமும் பழுதுபார்க்க ஆளும் கிடைக்கச் செய்ததே பெரிய காரியம். தெற்கத்திக்காரர்கள் ‘பிளசர்’ என்று சொன்ன கார், பண்ணையார் வீட்டு வாசலில் பல ஆண்டுகள் ஓடும் நிலையில் நின்றது இதனால்தான்.

மலைச்சாலையில்

அமெரிக்க எஞ்சினின் அருமையைத் தெரிந்துகொள்ள ஏற்ற இடம் செங்கோட்டைச் சாலை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்த ஊர். பக்கத்துத் தென்காசியோ சென்னை மாகாணம். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போகும் பாதை, மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே கடக்கும் பழைய கணவாய்ப் பாதைகளில் ஒன்று. 1904-ல் ரயில் வந்த பிறகும் சாலை வழியே சரக்குப் போக்குவரத்தும் ஆள் நடமாட்டமும் இருந்துகொண்டுதான் இருந்தன. புளியரை ‘எஸ்’ வளைவில் இன்றும் சுமை லாரிகள் முக்கி முனகித்தான் ஏறுகின்றன.

இத்தகைய ஏற்றத்தில் வண்டியின் வேகம் உதவாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்க வேண்டும். 1940களின் பிளிமத் காரில் 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர், 95 குதிரைத்திறன். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே அமைந்த எளிய எஞ்சின் அது. இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் அடிக்கடி மாற்றாமல் மேலே ஏறிவிடும். பின்னாளில் வந்த அம்பாசிடரில் 1.5 லிட்டர், ஃபியட் 1100-ல் 1.1 லிட்டர்தான். பிளிமத்தில் கியர் தண்டு ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருந்ததால் முன் இருக்கையில் டிரைவரோடு சேர்த்து மூவர் உட்காரலாம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குடும்பம் மொத்தமும் ஒரே வண்டியில் வந்து இறங்க இதைவிட என்ன வேண்டும்?

கார்களைவிட லாரிச் சட்டங்களே அதிகம் உழைத்தன. செவர்லே, ஃபோர்டு சட்டங்களின் மேல் உள்ளூர்த் தச்சர்கள் மரக்கூடு கட்டினால் பஸ் தயார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, பின்புறம் கரி அடுப்பு பொருத்தி, அதில் எழும் வாயுவால் இவை ஓடின. இதற்கான கருவியை டி.வி.எஸ். நிறுவனமும் செய்து விற்றது. கரிவாயுவில் எஞ்சினின் பலம் வெகுவாகக் குறையும். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கி நடக்க வேண்டியதுதான்.

கதவு மூடல்

விடுதலையை ஒட்டி உள்நாட்டு நிறுவனங்கள் களம் இறங்கின. வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் டாட்ஜ், டி சோட்டோ, பிளிமத், ஃபார்கோ வண்டிகளைப் பூட்டியது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரையும் கையாண்டது. 1953-ல் அரசு விதியைக் கடுமையாக்கியது: பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்யத் திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே பூட்டி விற்கக்கூடாது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின.

இந்தக் கதையில் முக்கியமான திருப்பம் இதுதான். ‘மசில் கார்’ யுகம் 1964-ல் பான்டியாக் ஜி.டி.ஓ.வோடு தொடங்குகிறது, அதே ஆண்டு ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியோடு அந்த ஆட்டம் அடங்கியது. நம் கதவு சாத்திக் கிடந்த ஆண்டுகளும் இவையே. ஐரோப்பியர்கள் எஞ்சின் அளவுக்கு வரி கட்டி, பெட்ரோலுக்கு இருமடங்கு கொடுத்து, அந்த வண்டிகளைக் குறுகிய சந்துகளில் ஓட்டினார்கள். ஸ்வீடனில் அதற்கு முன்பே, 1950களில், அமெரிக்கக் கார் மோகம் கொண்ட இளைஞர்களின் தனிக் கூட்டமே உருவாகியிருந்தது. வெஸ்டெரோஸ் நகரில் 1970களின் இறுதியில் தொடங்கிய ‘பவர் பிக் மீட்’ ஐரோப்பாவின் பெரிய அமெரிக்கக் கார்த் திருவிழாவாக வளர்ந்தது. 30 ஆண்டு கடந்த காருக்கு அங்கே வாகன வரியும் இல்லை. ஒழுங்கான, சிக்கனமான சமூகத்தில் ஊதாரித்தனமான வண்டி ஓட்டுவதில் இருக்கும் குறும்பே அங்கத்திய கவர்ச்சி.

நமக்கு வந்ததோ, வெளிநாட்டுத் தூதரகத்தார் விட்டுச் சென்று, அரசு வணிகக் கழகம் வழியே விற்பனைக்கு வந்த சில வண்டிகள். அவற்றில் செவர்லே இம்பாலாவுக்குச் சினிமா உலகில் தனி மவுசு. நடிகர் எம்.ஆர்.ராதா தம் இம்பாலாவின் மேல் வைக்கோல் ஏற்றிப் போனார் என்று கோடம்பாக்கத்தில் ஒரு கதை இன்றும் உலவுகிறது. உண்மையோ இல்லையோ, அந்தஸ்தின் தலையில் வைக்கோலை வைக்கும் அந்தக் குசும்பு அவருக்குப் பொருந்தித்தான் வருகிறது.

டீசல் இதயம்

லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியைப் பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எப்படி ஓட்டுவது? பட்டறைக்காரர்கள் வழி கண்டார்கள். சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1950களிலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்துவந்தது. அமெரிக்க எஞ்சினை இறக்கிவிட்டு பெர்கின்ஸை ஏற்றினார்கள். பின்னால் மெட்டடார் வேன் எஞ்சினும் ஏறியது. தாங்கு சட்டத்தை வெட்டி ஒட்டி, கியர்பெட்டியோடு இணைக்க லேத்தில் ஒரு தட்டு கடைந்து, 6 வோல்ட் மின்சாரத்தை 12 ஆக்கி, ரேடியேட்டரை நகர்த்தி வைப்பார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே டிராக்டர் சத்தம். நாகரிகம் குறைந்தது, வண்டி பிழைத்தது. இறக்கிய எஞ்சின் காயலான் கடைக்குப் போய்விட்டதால், இன்று அதே மாடலின் அசல் எஞ்சினுக்காகச் சேகரிப்பாளர்கள் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் வரை அலைகிறார்கள். டீசல் மாற்றத்தைச் சிதைவு என்று அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லை. அது நடக்காதிருந்தால் புதுப்பிக்க உடம்பே மிஞ்சியிருக்காது.

இன்று

ஃபோர்டு 1990களில் இந்தியாவுக்குத் திரும்பி, சென்னையை அடுத்த மறைமலை நகரில் ஆலை அமைத்தது. ஐகான் போன்ற சிறு கார்களைச் செய்து 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஐந்து லிட்டர் வி-8 மஸ்டாங் 2016-ல் சுமார் 65 லட்சம் ரூபாய் விலையில் இறக்குமதியாகி விற்பனைக்கு வந்தது. வேகத்தடைகள் நிறைந்த நம் சாலையில் அது அலங்காரம்தான். பழைய வண்டிகளைக் காண விரும்புவோர்க்கு, கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகமும் (2015), சென்னை வடபழனியில் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகமும் (2023) உள்ளன. மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் பேரணிகளில் இத்தகைய வண்டிகள் ஓடியே காட்டுகின்றன.

50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். அவற்றை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் எடுக்கலாம். முன்பே பதிவான வண்டிகள் தம் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம்.