மெலியாய்டோசிஸ்

கேட்டதும் ‘மெலிதல்’ நினைவுக்கு வரும். நோயாளி மெலிவதும் உண்டுதான். ஆனால் வேர் தமிழில்லை. கிரேக்கத்தில் ‘மெலிஸ்’ கழுதைக்கு வரும் ஒரு நோய். ‘ஆய்டு’ என்றால் அதைப் போன்றது. ஆக, ‘கழுதைநோய் மாதிரி’! 1921-இல் ஸ்டான்டனும் ஃப்ளெச்சரும் வைத்த பெயர். 1912-லேயே ரங்கூனிலிருந்து இந்நோயை விவரித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசாமியும். ‘விட்மோர் நோய்’ என்ற பெயரில் நம்மவர் விடுபட்டுப்போனார்.

ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் இந்நோயின் பாக்டீரியா, தோல் வெடிப்பு வழியே நுழைந்து ரத்தத்தில் பரவும். காசநோய் என்று ஏமாற்றும். வேலூர் சி.எம்.சி.யில் பலருக்குக் கண்டறிந்திருக்கிறார்கள். ஏழாயிரம்பண்ணைக் கரிசலில் மழை முடிந்து வெறுங்காலோடு இறங்கும் சர்க்கரைக்காரர்களே, பித்தவெடிப்பு இருந்தால் செருப்பில்லாமல் இறங்காதீர்கள். காய்ச்சல் விடாவிட்டால் ரத்தக் கல்ச்சர் பார்க்கச் சொல்லுங்கள்.