ஆய்வுகூடம் அமைத்த கமல் ரணதிவே

நம்ம பக்கத்தில் "மகரகமைக்குக் கொண்டுபோயிருக்காங்க" என்றால் என்ன வருத்தம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஹல்துமுல்லையால் இறங்கும் கொழும்பு வீதிதான் அங்கேயும் போகிறது. நோயாளிகளை நமக்குத் தெரியும். அந்த நோயை ஆராய்ந்தவர்களில் ஒருவரையாவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அதனால்தான் இந்தப் பதிவு.

கமல் ரணதிவே 1917இல் புனேயில் பிறந்தவர். தகப்பன் கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர். மகள் வைத்தியராக வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் தாவரவியலைத் தெரிவுசெய்தார். முதுமாணிப் பட்டத்துக்கு அன்னமுன்னாக் குடும்பத் தாவரங்களின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தபின் டாட்டா நினைவு வைத்தியசாலையில் நோயியலாளர் கானோல்கரின் கீழ் வேலை. 1949இல் கலாநிதிப் பட்டம்.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போனார். உயிருள்ள கலங்களை உடம்புக்கு வெளியே வளர்க்கும் இழைய வளர்ப்பை ஜோர்ஜ் கை என்பவரின் ஆய்வுகூடத்தில் பழகினார். புகழ்பெற்ற 'ஹீலா' கலங்களை வளர்த்தெடுத்த ஆய்வுகூடம் அது. அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்து, பம்பாயின் இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் நாட்டின் முதல் இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தை அமைத்தார். எலிகளின் மார்புப் புற்றுநோயில் பரம்பரை, ஓமோன், வைரசு ஆகியவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று ஆராய்ந்தார்.

1966 முதல் 1970 வரை அந்த நிலையத்தின் பதில் பணிப்பாளர். நிருவாகத்துக்குப் போனால் விஞ்ஞானி தொலைந்துவிடுவார் என்று சொல்வதுண்டு. இவர் அந்தக் கதிரையில் இருந்து புதிய ஆய்வுப் பிரிவுகளைத் தொடங்கினார். வெளிநாட்டில் படித்த இளையவர்களைத் திரும்பி வரச் சொன்னார். 1973இல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1982இல் பத்மபூஷன் விருது. ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை; அகமதுநகர் மாவட்டப் பழங்குடிக் கிராமங்களில் பிள்ளைகளின் போசாக்குப் பற்றித் தரவு சேகரித்தார்.

ஒரு கண்டுபிடிப்பு ஒருவருக்குப் பெயர் தரும். ஓர் ஆய்வுகூடம் பின்னால் வரும் பலருக்கு வழி தரும். ரணதிவே இரண்டையும் செய்தார்.

நம் தோட்டங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு 'ஏ' எடுத்த பிள்ளையும், பக்கத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவுக்குப் போகிறது. பெற்றோரே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மண்டபத்துக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேச்சு வரும்போது, ஆய்வுகூடத்துக்குத் தண்ணீர்க் குழாயும் ஒரு நுணுக்குக்காட்டியும் வேண்டும் என்று எழுந்து கேளுங்கள்.