சூரியகலத்தின் தோற்றத்தில் இரசாயனவியலின் பங்கு

சூரிய ஒளியை நேரே மின்னாக்கும் கலத்தின் வரலாற்றை எழுதுவோர், அதனைப் பெரும்பாலும் பௌதிகவியலின் வெற்றியாகவே காட்டுவர். 1839 இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் ஒளியால் மின் பிறத்தலைக் கண்டமையும், 1883 இல் அமெரிக்கரான சார்ள்ஸ் பிரிற்ஸ் செலனியத்தின்மீது மெல்லிய பொற்படலம் இட்டுக் கலம் அமைத்தமையும் தவறாது எடுத்துரைக்கப்படும். ஆயினும் செலனியக் கலம் தன்மீது வீழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே மின்னாக்கியது. எழுபது ஆண்டுகளாக நீடித்த அந்நிலையை மாற்றியதில் இரசாயனவியலுக்குரிய இடம் போதிய அளவு உணரப்படவில்லை என்பதே எமது கருத்து.

1950 களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டரில் சாப்பின் எதிர்நோக்கிய பிரச்சினை எளியது. வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களில் தொலைபேசி அமைப்புகளுக்குரிய உலர்மின்கலங்கள் விரைவிற் பழுதுற்றன. (எமது நாட்டு மழைக்காலத்தை அறிந்தோர்க்கு இது விளங்கும்.) செலனியத்தை நாடி அவர் பயன் காணாதபோது, அங்கு பணியாற்றிய ஜெரால்ட் பியர்சன் சிலிக்கனைக் கைக்கொள்ளுமாறு கூறினார். அச்சிலிக்கனுள் மாசுகளைப் புகுத்தும் முறையில் வல்லவரான கல்வின் புல்லர் ஓர் இரசாயனவியலாளர்.

தூய சிலிக்கன் மின்னைச் செவ்வனே கடத்தாது. ஒருவகை மாசு சேரின் அதில் இலத்திரன்கள் மிகும். வேறொருவகை சேரின் குறையும். இவ்விரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையிலேயே ஒளியாற் பிறந்த ஏற்றங்கள் பிரிகின்றன. ஆதலின் அவ்வெல்லை மேற்பரப்பிற்கு மிக அண்மையில் அமைதல் வேண்டும். முதலிற் பயன்பட்ட இலிதியமோ அறை வெப்பநிலையிலேயே சிலிக்கனுள் ஊர்ந்து சென்றது. எல்லையும் ஆழத்தில் இறங்கிற்று. புல்லர் ஆசனிக்குச் சேர்ந்த சிலிக்கனை எடுத்து, உயர் வெப்பநிலையிற் போரனை அதன் மேற்பரப்பினூடே பரவச் செய்தார். போரன் குளிர்ந்தபின் இடம் பெயரவில்லை. வினைத்திறன் நூற்றுக்கு ஆறாயிற்று. 1954 ஏப்பிரல் 25 ஆம் நாள் அக்கலம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது.

எனினும் அதன் விலை சாதாரண மக்களுக்கு எட்டாததாயிருந்தது. 1958 இல் ஏவப்பட்ட வான்காட் 1 போன்ற செய்மதிகளே அதனை முதலில் வாழவைத்தன.

விலைக்கு ஒரு முக்கிய காரணம் தூய்மை. படிகக்கல்லை நிலக்கரியுடன் மின்னுலையில் உருக்கிப் பெறும் சிலிக்கன் இதற்குப் போதாது. அதனை ஐதரசன் குளோரைட்டுடன் தாக்கமுறச் செய்து, 32 பாகை செல்சியசிற் கொதிக்கும் திரவமாக்கி, வடித்துத் தூய்மைப்படுத்தி, ஐதரசனின் துணையுடன் செஞ்சூடேறிய கோல்களின்மீது மீண்டும் சிலிக்கனாகப் படியவைத்தல் வேண்டும். இன்றும் இம்முறையே பெருவழக்கு. இதற்கு வேண்டிய மின் மிகப் பெரிது; அம்மின்னிற் கணிசமான பங்கு நிலக்கரியிலிருந்தே இன்றும் பெறப்படுகின்றது.