கொடுமணல்

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே நொய்யலாற்றின் வடகரையில் இருக்கும் சிற்றூர். சங்க காலத்தில் கல்லை மணியாக்கி விற்ற பட்டறை ஊர். பதிற்றுப்பத்தில் இதன் பெயர் கொடுமணம். சேரரைப் பாடிய கபிலரும் அரிசில் கிழாரும் கொடுமணத்து அணிகலனைச் சொல்லும்போதே பந்தர் என்ற ஊரின் முத்தையும் சொல்கிறார்கள். மலைக்கல்லும் கடல்முத்தும் அவர்களுக்கு ஒரே மூச்சில் வந்த செல்வங்கள்.

அந்தப் பாட்டு வெறும் புகழ்ச்சியில்லை என்பதை மண் காட்டியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய அகழாய்வை கா. ராஜன் நடத்தினார். நீலக்கல், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவை அறுத்தது, உடைந்தது, பாதி துளையிட்டது என எல்லா நிலையிலும் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரிலும் நீலக்கல் சிவன்மலையிலும் உண்டு. சூதுபவளம் குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே ஈமச்சின்னத்தில் அதன் மணிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. சங்கு வளையல் துண்டுகளும் அகப்பட்டன. சங்கும் முத்தைப் போலவே மூச்சடக்கிக் கடலில் மூழ்கி எடுப்பதுதான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களே சங்கும் குளித்தார்கள். கடலையே காணாத கொங்குப் பெண்ணின் கைக்கு அவர்கள் உழைப்பு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஊரின் சிறப்பாக நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆள்பெயர்கள் பல. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற வடபுலச் சொல்லும் ஒன்றில் உண்டு. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன.

கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே முசிறிக்குச் சென்ற பெருவழியில் கொடுமணல் இருந்தது. இந்தியாவுக்கு வெளியே பச்சைக்கல் கிடைப்பது அரிது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். ரோமானியர் கொடுத்த விலைக்குச் சான்று கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரிலேயே உண்டு: 1842-இல் அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ரோமானிய வணிகம் தளர்ந்தபின் ஊரும் ஒடுங்கியது. படியூர்ப் பச்சைக்கல்லை 1819–20இல் ஆங்கிலேயர் ஒருவர் மறுபடி தோண்டினார், அது நீடிக்கவில்லை.

பார்க்கப் போகிறவர்கள் விவரம் தெரிந்த ஒருவரோடு போவது நல்லது. அகழ்ந்த குழிகளை மூடிவிடுவது தொல்லியல் வழக்கம். கண்ணுக்குத் தெரிவது வயலும் கல்வட்டங்களும் நெடுங்கற்களுமே. அந்தக் கற்களைப் பெயர்க்காதீர்கள். மழைக்குப் பின் மணி ஏதும் தென்பட்டால், எடுத்துச் செல்லாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.